ரிமாண்டு நேரத்தில் ஏழைக்கு ஒரு வக்கீல் வேண்டும்!

(கீழத் தஞ்சைப் பகுதி வக்கீல்களின் சங்கக் கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சட்டம் படித்தவர்கள் நிறைந்த சபையில், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சட்டம் சொல்லித் தர நான் வரவில்லை. நமது பகுதியில் ஒரு விவசாயத் தொழிலாளியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், அவன் மனைவி முதலில் வந்து தட்டுவது எங்கள் சங்க ஆபீஸ் கதவை. அங்கிருந்து நாங்கள் வந்து தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை. இந்த இரண்டு கதவுகளுக்கும் இடையில் நடந்து பழகியவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

“கட்சிக்காரர்” என்ற சொல்லை நீங்களும் சொல்கிறீர்கள், நாங்களும் சொல்கிறோம். உங்களுக்குக் கட்சிக்காரர் என்றால் வழக்கை ஒப்படைத்தவர். எங்களுக்குக் கட்சிக்காரர் என்றால் கொடியை ஏந்தியவர். நமது பகுதியில் பல சமயம் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கிறார். அவருடைய கதி என்ன என்பதே இன்றைய பேச்சு.

பணக்காரனுடைய வழக்கு தீர்ப்பு நாளில் முடிகிறது. ஏழையின் வழக்கோ, பெரும்பாலும் கைதான முதல் 24 மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஸ்டேஷனில் வைத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். காயத்தோடு ஜீப்பில் ஏற்றுகிறார்கள். மாஜிஸ்டிரேட் முன் நிறுத்துகிறார்கள். “ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்ற கேள்விக்கு, பக்கத்தில் நிற்கும் போலீசின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்லை ஐயா” என்கிறான். பதினைந்து நாள் ரிமாண்டு. பிறகு நடப்பதெல்லாம் வாய்தா. கடைசியில் விடுதலையே கிடைத்தாலும், அதற்குள் மாடு விற்றாகிவிட்டது, பெண் பிள்ளை பள்ளியை விட்டு நின்றாகிவிட்டது. தீர்ப்புக்கு முன்பே தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டான்!

இது நமது பகுதியின் கதை மட்டுமல்ல. மத்திய சர்க்காரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களில் சுமார் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கு பேரில் மூன்று பேர் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள். இவர்களில் மில் முதலாளிகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“காரணத்தைச் சொல்!”

முதலில் ஒரு நல்ல செய்தி. உங்களில் பலர் படித்திருப்பீர்கள். படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லுங்கள்.

2025 நவம்பர் 6 அன்று, மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு வழங்கியது. எந்தக் குற்றமானாலும் சரி, எந்தச் சட்டமானாலும் சரி, கைது செய்யப்பட்டவருக்குக் கைதுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும். அவருக்குப் புரியும் பாஷையில் தர வேண்டும். அந்த இடத்திலேயே எழுதித் தர முடியாத நிலைமையானால் வாயால் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்டிரேட் முன் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்து கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் கைதும் செல்லாது, அதன் மேல் கொடுத்த ரிமாண்டும் செல்லாது. 2023இல் பங்கஜ் பன்சால் வழக்கிலும், 2024இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கிலும் விசேஷச் சட்டங்களின் கீழ் கைதானவர்களுக்குச் சொல்லப்பட்டது, இப்போது சாதாரண அடிதடி வழக்கில் மாட்டிய கூலிக்காரனுக்கும் கிடைத்திருக்கிறது.

இந்த உரிமை ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. 1950இல் தோழர் ஏ. கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தார். அன்றைய தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆவது பிரிவு, காவலில் வைத்த காரணங்களைக் கைதி கோர்ட்டிடம்கூட வெளியிடக் கூடாது என்று வாயைக் கட்டியது. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். எம். கே. நம்பியார் வாதாடினார். பெரும்பான்மை நீதிபதிகள் அவரை விடுவிக்க மறுத்தார்கள். ஆனால் அந்த 14ஆவது பிரிவு செல்லாது என்று அடித்துவிட்டார்கள். தோற்ற வழக்கிலும் ஒரு வெற்றி!

அதே 1950இல், சென்னையில் வக்கீல் வி. ஜி. ராவ் செயலாளராக இருந்த மக்கள் கல்விக் கழகத்தை மாகாண சர்க்கார் சட்டவிரோத ஸ்தாபனம் என்று அறிவித்தது. ராவ் வழக்காடினார். 1952இல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிற்காலத்தில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியான வி. ஆர். கிருஷ்ணய்யர், தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோது, கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் ஒரு மாதம் சிறை வைக்கப்பட்டார். அந்த ஆண்டுகளில்தான், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பெருமைக்காக இந்தப் பழைய கணக்கை நான் எடுக்கவில்லை. இன்று நீங்கள் கோர்ட்டில் நீட்டும் ஒவ்வொரு தீர்ப்புக்குப் பின்னாலும் ஜெயிலில் கிடந்த ஒரு மனிதனும், கூலியைக் கணக்குப் பார்க்காமல் நின்ற ஒரு வக்கீலும் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பைப் பயன்படுத்தாமல் விட்டால் துரு ஏறிவிடும்.

ஆகவே, முதல் யோசனை: ரிமாண்டுக்குப் போகும் வக்கீல் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “காரணம் எழுதிய தாள் எங்கே? எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? தமிழில் இருக்கிறதா?” என்பதுதான். இல்லை என்றால் உடனே மனுவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது மேல்கோர்ட்டு வரை வரும்.

“சும்மா விசாரணைக்கு வா!”

இரண்டாவது விஷயம், கைது என்றே கணக்கில் வராத கைது. “சும்மா விசாரணைக்கு வந்துவிட்டுப் போ” என்று கூட்டிக்கொண்டு போகிறார்கள். டைரியில் பதிவு கிடையாது. எப்.ஐ.ஆர். கிடையாது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் என்ன நடந்தது? நகை காணவில்லை என்ற பிராதின்மேல் கோயில் காவலாளியான ஓர் இளைஞரைத் தனிப்படைப் போலீசார் விசாரணைக்கு என்று கொண்டு போனார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டத்தைப் பாருங்கள். சாட்சியாக ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட 179ஆவது பிரிவின்படி எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், கடும் நோயாளிகளையும், அங்ககீனர்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றமானால், கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும். அவசியமில்லையென்றால் 35ஆவது பிரிவின் கீழ் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீசையும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுக் கை கழுவ முடியாது. நேரில்தான் சார்வு செய்ய வேண்டும் என்று 2025இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்தில், 60 வயது தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி. அனுமதியின்றிக் கைது செய்யக் கூடாது.

குடிமனைப் பட்டா கேட்டுத் தாலுகா ஆபீஸ் முன் உட்கார்ந்த கிழவிகளை வேனில் ஏற்றும்போது இந்தப் பிரிவுகளை யார் எடுத்துச் சொல்வது? நாங்கள் சொன்னால், “நீ என்ன வக்கீலா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்! அதனால்தான் வக்கீலைக் கூப்பிடுகிறோம்.

இதே மாதிரிப் போராட்ட வழக்குகளில், சர்க்கார் உத்தரவை மீறினார்கள் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவைப் போடுவார்கள். அது இப்போது நியாய சன்ஹிதாவில் 223ஆவது பிரிவு. இதில் போலீஸ் எப்.ஐ.ஆர். போட்டு வழக்கு நடத்த முடியாது, உரிய அதிகாரி கோர்ட்டில் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும் என்று மதுரைக் கிளை ஹைகோர்ட்டு 2018இல் ஜீவானந்தம் வழக்கில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 215ஆவது பிரிவிலும் அந்த நிபந்தனை தொடர்கிறது. இந்த ஒரு தீர்ப்பின் பிரதியை ஒவ்வொரு இளம் வக்கீலும் பையில் வைத்திருக்க வேண்டும்.

மாஜிஸ்டிரேட் முன் ஐந்து நிமிஷம்

மூன்றாவது, ரிமாண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையை அடைக்கத் தாமதித்தார்கள் என்ற புகாரில் ஒரு தந்தையும் மகனும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஸ்டேஷனில் பட்ட காயங்களோடு டாக்டரையும் கடந்தார்கள், ரிமாண்டையும் கடந்தார்கள், கோவில்பட்டி சப்-ஜெயிலையும் அடைந்தார்கள். சில நாட்களில் இருவரும் பிணமானார்கள். இத்தனை வாசல்களில் எந்த ஒரு வாசலிலாவது ஒரு வக்கீல் நின்று, “இவர்கள் சட்டையைக் கழற்றிப் பாருங்கள்” என்று சொல்லியிருந்தால்?

சட்டம் ஊமையல்ல. 36ஆவது பிரிவின்படி கைது மகஜர் எழுதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 38ஆவது பிரிவின்படி விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு. 48ஆவது பிரிவின்படி உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும்; சொன்னார்களா என்று திருப்திப்படுத்திக்கொள்வது மாஜிஸ்டிரேட்டின் கடமை. 53ஆவது பிரிவின்படி டாக்டர் பரிசோதனை நடக்க வேண்டும். அந்த அறிக்கையின் பிரதி கைதிக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ கிடைக்க வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், போலீஸ் எழுதிய காரணங்களைப் படித்துத் திருப்தி அடையாமல் ரிமாண்டு கொடுக்கக் கூடாது என்று மாஜிஸ்டிரேட்டுகளுக்கே சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது.

ஆகவே, ஒரு தாளில் ஏழு கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளும்படி இளம் வக்கீல்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிடித்தது எத்தனை மணிக்கு? எந்த இடத்தில்? காரணத் தாள் கொடுத்தார்களா? வீட்டுக்குத் தகவல் போயிற்றா? மகஜரில் கையெழுத்துப் போட்டவர் யார்? டாக்டர் பார்த்தாரா, பிரதி எங்கே? உடம்பில் காயம் உண்டா? பதில்களை நாலு வரியில் தமிழில் எழுதி, மனுவாகக் கொடுத்து, ரிக்கார்டில் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய சட்ட ஞானம் வேண்டாம். நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசியல் சட்டத்தின் 22ஆவது ஷரத்துச் சொல்லும் 24 மணி நேரக் கெடு, கைது மகஜரில் எழுதிய நேரத்திலிருந்து அல்ல, உண்மையில் பிடித்த நேரத்திலிருந்து எண்ண வேண்டியது. அந்த நேரத்தை நிரூபிக்கும் சாட்சிகள் ஊரில் இருக்கிறார்கள். டீக்கடைக்காரர் சொல்வார், நடவுக்குப் போன பெண்கள் சொல்வார்கள். அவர்களைக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு.

அறுபத்தொன்றாம் நாள்

நான்காவது, நாள் கணக்கு. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றங்களில் 90 நாளிலும், மற்றவற்றில் 60 நாளிலும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கைதியின் உரிமை. 187ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்! கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை உள்ளே வந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று.

நாளை எப்படி எண்ணுவது என்ற சண்டையும் 2023இல் தீர்ந்துவிட்டது. ரிமாண்டு கொடுத்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று கபில் வாதவான் வழக்கில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சாதாரண வருஷத்தில் ஜனவரி 1ஆம் தேதி ரிமாண்டு என்றால் மார்ச் 1ஆம் தேதி 60ஆவது நாள். மார்ச் 2 காலையில் கோர்ட்டு கூடும்போதே மனு உள்ளே இருக்க வேண்டும். பெரிய மனு எழுத நேரமில்லையென்றால் வாயால் கேட்டாலும் போதும் என்று 2017இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

புதிய சட்டத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பழைய சட்டத்தில் போலீஸ் காவல் என்பது முதல் பதினைந்து நாட்களோடு முடிந்தது. இப்போது அந்தப் பதினைந்து நாளைத் துண்டு துண்டாக, முதல் 40 நாளிலோ 60 நாளிலோ எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அதாவது, ஜெயிலுக்குப் போன பிறகும் ஸ்டேஷன் பயம் கைதியை விடாது. இப்படிப்பட்ட சட்டத்தை 2023 டிசம்பரில், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேரைச் சஸ்பெண்டு செய்துவிட்டு நிறைவேற்றினார்கள். எதிர்த்துப் பேசும் வாயை வெளியே நிறுத்திவிட்டுச் செய்த சட்டம் யாருக்கு அனுகூலமாக இருக்கும்?

479ஆவது பிரிவில் ஒரு சலுகை உண்டு. ஆயுள் தண்டனை, மரண தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர்கள் பாதியும் சிறையில் கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும். 2024 ஜூலைக்கு முந்திய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் அதே பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ பல வழக்குகளோ நிலுவையிலிருந்தால் இந்தச் சலுகை இல்லை என்கிறது. கூலிக்காக ஒன்று, குடிதண்ணீருக்காக ஒன்று, சுடுகாட்டுப் பாதைக்காக ஒன்று என்று வழக்குகளைச் சுமக்கும் சங்க ஊழியன் கதி என்ன? இந்த அநியாயத்தை எதிர்த்து வாதாட வேண்டிய கடமை உங்களுடையது. கிளர்ச்சி செய்ய வேண்டிய கடமை எங்களுடையது.

ஜாமீன் கிடைத்தும் ஜெயில்!

ஐந்தாவது, ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர முடியாதவர்கள். இரண்டு ஜாமீன்தார், சொத்து ரசீது, அதுவும் இதே தாலுகாவில் என்று கேட்கிறார்கள். குடியிருக்கும் மனைக்கே பட்டா இல்லாதவன் ரசீதுக்கு எங்கே போவான்? கோர்ட்டு வாசலில் ஜாமீன் புரோக்கர் நிற்கிறான். அவனுக்குக் கொடுக்கக் கந்துவட்டிக் கடன். ஆண்டைக்கு அடிமையாக இருந்தவனின் பேரன், இன்று ஜாமீன் கடனுக்கு அடிமையாகிறான்!

1978இல் மோதிராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார் ஒரு மாஜிஸ்டிரேட். அவர் சகோதரரின் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று அதையும் தள்ளினார். கிருஷ்ணய்யர் அந்த உத்தரவை ரத்துச் செய்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்த முச்சலிக்காவின் பேரில் விடுவித்தார். 2023 ஜனவரி 31 அன்று சுப்ரீம் கோர்ட்டு மேலும் வழி திறந்தது. ஜாமீன் உத்தரவு அன்றோ மறுநாளோ ஜெயில் சூப்பிரண்டு மூலம் கைதிக்குக் கிடைக்க வேண்டும். ஏழு நாளில் விடுதலையாகாவிட்டால் ஜெயில் அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் கட்ட முடியாவிட்டால், கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். ஜாமீனில் விடத்தக்க குற்றமானால், ஒரு வாரத்தில் ஜாமீன் கொடுக்க முடியாதவரை ஏழை என்று கொண்டு சொந்த முச்சலிக்காவில் விட வேண்டும்; இது 478ஆவது பிரிவு.

இன்னொன்று. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிகளுக்கும் அப்படியே. அந்தப் பட்டியலில் நமது நண்பர்கள் பேர் பதிவு செய்துகொண்டு, சர்க்கார் சம்பிரதாயமாகச் செய்வதை மனப்பூர்வமாகச் செய்து காட்டலாம்.

புறக்கணிப்புப் பற்றி

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். நண்பனிடம்தான் கசப்பைச் சொல்ல முடியும்.

புதிய சட்டங்களை எதிர்த்து 2024 ஜூலையில் தமிழ்நாட்டு வக்கீல்கள் கோர்ட்டுகளைப் புறக்கணித்தார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது, நாங்கள் ஆதரித்தோம். வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002இல் சுப்ரீம் கோர்ட்டு ஹரீஷ் உப்பல் வழக்கில் சொன்னது. உழைப்பவன் வேலையை நிறுத்தும் உரிமையை மறுக்கும் எந்தத் தீர்ப்பையும் கொண்டாட எங்களால் முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். புறக்கணிப்பு நாளில் கோர்ட்டுக்கு யார் வராமல் போகிறார்கள்? நீங்கள். யார் தவறாமல் வருகிறார்கள்? போலீஸ். ரிமாண்டு நிற்பதில்லை. வக்கீல் இல்லாத ரிமாண்டு இன்னும் சுலபமாக நடக்கிறது. ஜாமீன் மனு மட்டும் தள்ளிப்போகிறது. மில் முதலாளி தமது வழக்கு ஒரு மாதம் தள்ளிப்போனால் கவலைப்படமாட்டார். நாள் கூலிக்காரன் ஒரு மாதம் உள்ளே இருந்தால் அவன் அடுப்பு எரியாது.

ஆஸ்பத்திரி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போதும், உயிருக்குப் போராடும் நோயாளியைக் கவனிக்க ஆள் விட்டுத்தான் போகிறார்கள். அதனால் போராட்டம் பலவீனப்படுகிறதா? பொது ஜனங்களின் ஆதரவு பெருகுகிறது. அதே போல, எந்தப் புறக்கணிப்பானாலும் ரிமாண்டும், ஜாமீனும், 61ஆம் நாள் மனுவும் விலக்கு என்று உங்கள் சங்கம் இன்றே ஒரு தீர்மானம் செய்ய வேண்டும். இதை இந்தச் சபையில் சிலர் விரும்பமாட்டார்கள் என்று தெரியும். மாறுபட்டால் எழுந்து பேசுங்கள், விவாதிப்போம். ஆனால் உள்ளே கிடப்பவனை மறந்துவிட்டு விவாதிக்க வேண்டாம்.

முறை வைத்து வேலை செய்வோம்

கடைசியாக வேலைத் திட்டம். ஒரே ஒரு நல்ல வக்கீல் எல்லா இரவும் விழித்திருக்க முடியாது. முறை வைப்போம். நமது வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும், வாரத்தின் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வக்கீல் பெயரும் போன் நம்பரும் உள்ள அட்டவணை. அதை எங்கள் கிளைகள் ஊருக்கு ஊர் எழுதி ஒட்டும். ஒரு நோட்டுப் புத்தகம்: கைதானவர், பிடித்த நேரம், ரிமாண்டு தேதி, 60ஆம் நாள், 90ஆம் நாள். மாதம் ஒரு முறை நீங்களும் நாங்களும் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.

சீனியர்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் ரிமாண்டுக்கு ஓடுவது ஜூனியர்தான். ஜூனியருக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று ஹைகோர்ட்டு உத்தரவின்மேல் 2024இல் பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டு வாதாடும் நாம், நமது ஆபீசிலேயே அதை மறுக்கக் கூடாது. பஸ் இல்லாத நேரத்தில் போய்வரும் ஆட்டோ வாடகையைத் தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கு ஒரு சிறு நிதி திரட்ட நாங்கள் தயார்.

எங்கள் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அடித்திருந்தால் அடித்தேன் என்று சொல்லுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது வைத்திருப்பவர்களில் ஜாமீன் நிற்கத் தயாரானவர்கள் பட்டியல் ஒவ்வொரு கிளையிலும் இருக்கட்டும். விடுதலையானவர் வாய்தா தவறினால், நாளைக்கு ஜாமீன் கேட்கும் அடுத்த தோழனின் கழுத்தில் கத்தி வைக்கிறார் என்று பொருள்.

தோழர்களே! வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் அந்த மலையடிவாரக் கிராமத்தில் அதிகாரிகளும் போலீசும் வனத்துறையினரும் புகுந்து சூறையாடினார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். பிறகு நடந்தது என்ன? குற்றம் செய்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பாதிக்கப்பட்ட பெண்களும் குழந்தைகளும் ரிமாண்டில் சேலம் ஜெயிலுக்குப் போனார்கள்! கட்சியும் பழங்குடி மக்கள் சங்கமும் வக்கீல்களும் விடாமல் நின்றதால் 2011இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். 2023இல் ஹைகோர்ட்டும் அந்தத் தண்டனைகளை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டு!

அந்தத் தீர்ப்பை நாம் தலை நிமிர்ந்து கொண்டாடுகிறோம். ஆனால் அந்தப் பெண்களை ரிமாண்டுக்குக் கொண்டு போன அன்று, ஒரே ஒரு வக்கீல் அங்கே நின்று, “இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தனியே விசாரியுங்கள்” என்று நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அந்த உண்மை முதல் நாளே ரிக்கார்டில் ஏறியிருக்கும். அந்த நாலு வரியைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். அட்டவணையைத் தயாரியுங்கள். முதல் வாரத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் இந்தக் கூட்டம் கலைவதற்குள் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.